விமானத்தில் இறங்கி ரயில் ஏறுவது எப்படி: ஐரோப்பா போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் இருக்கிறது. கொலோனுக்கோ ஸ்டுட்கார்ட்டுக்கோ ஆகனுக்கோ கிடையாது. அந்த ஊர்களுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களும் கடைசிக் கட்டத்தைப் பெரும்பாலும் ரயிலில்தான் கடக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து கொலோன் சுமார் ஒரு மணி நேரம், ஸ்டுட்கார்ட் ஒன்றேகால் மணி நேரம். இன்னொரு விமானத்துக்குக் காத்திருந்து, ஏறி இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் போவதைவிட இது சீக்கிரம் முடியும்.

குழப்பம் எல்லாம் டிக்கெட்டில்தான். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து ரயில் போய்விட்டால் அது யார் தலையில் விழும்? விமான நிறுவனத்தின் தலையிலா, உங்கள் தலையிலா? டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி ஃபிராங்க்ஃபர்ட்டைத்தான் அதிகம் பேசும், ஏனென்றால் விமானமும் ரயிலும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் இடங்கள் ஐரோப்பாவில் குறைவு. மற்ற ஊர்களில் மாறுகிற விஷயங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. இறங்கும் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில் நிற்கிறதா, நகருக்குள் போய் மாற வேண்டுமா என்று பாருங்கள். பெரிய சூட்கேஸ்களோடு போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு நிலையங்கள். நெடுந்தூர ரயில்களுக்கு ஃபெர்ன்பான்ஹோஃப், உள்ளூர் ரயில்களுக்கு டெர்மினல் 1-க்கு அடியில் இருக்கும் ரெகியோனால்பான்ஹோஃப். பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் டெர்மினல் 2-இல் டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலுக்கு நிலையம் இருக்கிறது. லியோன், மார்செய், லீல் போன்ற ஊர்களுக்குப் பாரிஸ் நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் பிளாட்பாரங்கள் டெர்மினலுக்கு நேர் கீழே. ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் போகும் யூரோஸ்டார் என்ற அதிவேக ரயில் அங்கேயே நிற்கும். சூரிச், ஜெனீவா, வியன்னா, கோபன்ஹேகன் ஆகியவையும் வசதியானவை. சூரிச்சில் இறங்கினால் சுவிட்சர்லாந்தின் எந்த மூலைக்கும் அங்கிருந்தே ரயில் பிடிக்கலாம். கோபன்ஹேகனிலிருந்து ஓரசுண்ட் பாலம் வழியாக ஸ்வீடனின் மால்மோவுக்கு நேராகப் போகலாம்.

மியூனிக் அப்படி இல்லை. நெடுந்தூர ரயில் விமான நிலையத்துக்கு வராது, எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம் போய்த்தான் மத்திய நிலையத்தில் மாற வேண்டும். லண்டன் ஹீத்ரோவும் அப்படியே. ரோம் ஃபியுமிச்சினோவிலிருந்து சில அதிவேக ரயில்கள் புறப்பட்டாலும், பெரும்பாலானவர்கள் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 32 நிமிடம் போய் தெர்மினி நிலையத்தில்தான் மாறுகிறார்கள்.

பெயரிலும் ஏமாறக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்ற விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓடர் நதிக்கரையில், போலந்து எல்லையில், இன்னொரு ஃபிராங்க்ஃபர்ட்டே இருக்கிறது. ரயில் தேடும்போது "ஃபிராங்க்ஃபர்ட் (எம்) ஃப்ளுக்ஹாஃபென் ஃபெர்ன்பான்ஹோஃப்" என்ற முழுப் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

2. மூன்று வகை டிக்கெட்டில் உங்களுக்கு எது?

இதை அவசரப்படாமல் படியுங்கள். பணமும் நிம்மதியும் போவதும் வருவதும் இங்கேதான்.

முதல் வகையில் ரயிலும் விமானமும் ஒரே டிக்கெட். லுஃப்தான்சா இதை எக்ஸ்பிரஸ் ரெயில் என்று விற்கிறது. சென்னையிலிருந்து கொலோன் மத்திய நிலையம் என்று தேடினால் ஃபிராங்க்ஃபர்ட் வரை விமானம், அதன்பின் ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயில் என ஒரே முன்பதிவில் வரும். ரயிலுக்கும் விமான எண் போலவே ஒரு எண் இருக்கும். ரயில் நிலையத்துக்கே விமான நிலையம் மாதிரி மூன்றெழுத்துக் குறி உண்டு: கொலோனுக்கு கியூகேஎல், ஸ்டுட்கார்ட்டுக்கு இசட்டபிள்யூஎஸ். விமானம் தாமதமாகி ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலில் இடம் தருவது விமான நிறுவனத்தின் வேலை. நீங்கள் ஒரு பைசா கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் வியன்னாவிலிருந்து லின்ஸ், சால்ஸ்பர்க் ஊர்களுக்கும், ஸ்விஸ் சூரிச்சிலிருந்தும், கேஎல்எம் ஸ்கிபோலிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கும் இப்படி விற்கின்றன. பிரான்ஸில் இதன் பெயர் ட்ரெய்ன் பிளஸ் ஏர். டாய்ச்ச பான், அதாவது ஜெர்மன் ரயில்வே, 2022-இல் ஸ்டார் அலையன்ஸ் விமானக் கூட்டணியிலேயே பங்காளியாகச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது வகை ரெயில் அண்ட் ஃப்ளை. இது ஜெர்மனிக்கு உரியது. விமான டிக்கெட்டோடு சேர்த்து வாங்கும் ஒரு ரயில் சீட்டு. லுஃப்தான்சா மட்டுமல்ல, பல நாட்டு விமான நிறுவனங்களும் இதைத் தருகின்றன. விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில கட்டண வகைகளில் இலவசமாகவும் வரும். நாட்டின் எந்த ரயில் நிலையத்துக்கும் செல்லும், குறிப்பிட்ட ரயிலோடு கட்டப்பட்டதல்ல என்பதுதான் இதன் சிறப்பு. இறங்கும் நாளிலோ மறுநாளிலோ எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறலாம். திரும்பும்போது விமானம் புறப்படும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ போகலாம். ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால் மட்டும், முதல் வகையில் கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். இருக்கையும் இதில் சேராது, வேண்டுமென்றால் தனியே பதிவு செய்ய வேண்டும். விமான நிறுவனம் தருவது பெரும்பாலும் ஒரு குறியீட்டு எண்தான். அதை ரயில்வேயின் இணையதளத்தில் கொடுத்து உண்மையான டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, வைஃபை தேடி, மின்னஞ்சலைத் துழாவிக்கொண்டிருப்பது தேவையில்லாத பதற்றம்.

மூன்றாவது வகை, ரயில் டிக்கெட்டை நீங்களே தனியாக எடுப்பது. பார்க்க மலிவாக இருக்கும். ஆனால் ஜெர்மனியில் ஸ்பார்ப்ரைஸ், சூப்பர் ஸ்பார்ப்ரைஸ் என்ற மலிவு டிக்கெட்டுகள் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். ரயில் தாமதமானால் வேறு ரயிலில் ஏற விடுவார்கள். உங்கள் விமானம் தாமதமானால் விட மாட்டார்கள், ஏனென்றால் ரயில்வேக்கும் அந்த விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. சூப்பர் ஸ்பார்ப்ரைஸை ரத்து செய்து பணம் வாங்கவும் முடியாது. எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் டிக்கெட்டோ பல மடங்கு விலை.

என் கருத்து இதுதான். முதல் முறை போகிறவர்கள், வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் வகையை எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஒரே டிக்கெட் கிடைக்காத சிற்றூருக்குப் போகிற மாணவருக்கு ரெயில் அண்ட் ஃப்ளைதான் சரி. மூன்றாவது வகை, அந்த ஊர் பழகியவர்களுக்கு. அவர்களும் மலிவு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னால் வாங்கி வைக்காமல், இறங்கி லக்கேஜைக் கையில் வாங்கியபின் போனிலேயே எடுப்பது நல்லது. ஒதுக்கீடு மிச்சமிருந்தால் ரயில் புறப்படும் நேரம் நெருங்கும்வரை ஸ்பார்ப்ரைஸ் கிடைக்கும். செவ்வாய், புதன் காலைகளில் இது பெரும்பாலும் பலிக்கும். வெள்ளி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நம்பாதீர்கள்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் "என்னிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறதே" என்பார்கள். அது உள்ளூர், வட்டார ரயில்களுக்குத்தான். ஐசிஇ-யில் செல்லாது.

3. விசாவில் கவனிக்க வேண்டியது

விமானத்திலிருந்து ரயிலுக்கு மாற நீங்கள் நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். அதனால் விமான நிலைய டிரான்சிட் விசா போதாது, ஷெங்கன் விசாவோ (ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசா) நீண்டகால தேசிய விசாவோ வேண்டும். பிரஸ்ஸல்ஸ் போகிறவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் பாஸ்போர்ட்டில் நுழைவு பதிவாவது ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். அதில் தவறில்லை. அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று, ரயில் டிக்கெட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், "எங்கே போகிறீர்கள்" என்று அங்கேயே கேட்பார்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் இஇஎஸ் என்ற பதிவு முறை வந்திருக்கிறது. குறுகியகால விசாவில் வருகிறவர்களின் முகப்படமும் விரல் ரேகையும் இதில் எடுக்கப்படும். முதல் முறை வரும்போது வரிசை நீளும். நீண்டகால விசாவோ குடியிருப்பு அனுமதியோ வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆக, படிக்கப் போகும் மகனுக்கு இல்லாத தாமதம், அவனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு இருக்கலாம்.

லண்டனைத் திட்டத்தில் சேர்ப்பவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, தனி விசா வேண்டும். ஒற்றை நுழைவு ஷெங்கன் விசாவில் பாரிஸ் போய், யூரோஸ்டாரில் லண்டன் போய்விட்டால் மறுபடி பாரிஸுக்குத் திரும்ப முடியாது.

ஷெங்கனுக்குள் நாடுவிட்டு நாடு போகும் ரயிலிலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. ஓடும் ரயிலில் போலீஸ் வந்து கேட்பது சாதாரணம்.

4. பெயர், கார்டு, ஆப்

நம் பெயர் விவகாரம் இங்கே தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், நாம் எழுதிப் பழகியதோ முன்னெழுத்து. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அடையாள அட்டை கேட்டால் பெயர் ஒத்துப்போக வேண்டும். விமான டிக்கெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ரயில் டிக்கெட்டிலும் போடுங்கள். முன்னெழுத்தைத் தவிருங்கள்.

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பை ஊரிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி, ஒரு முறை தேடிப் பழகுங்கள். சுவிட்சர்லாந்துக்கு எஸ்பிபி மொபைல், பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப் கனெக்ட். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டீர்களா, ஓடிபி வரும் சிம் அங்கே வேலை செய்யுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எவ்வளவு இடைவெளி விடுவது

இறங்குவதிலிருந்து பிளாட்பாரம் வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் எல்லாம் சரியாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரே டிக்கெட் என்றால் இடைவெளியைக் கணினியே கணக்குப் போட்டுவிடும், அதை நம்பலாம். ரெயில் அண்ட் ஃப்ளை என்றால் கணக்கே வேண்டாம், வந்ததும் அடுத்த ரயில். கொலோன் திசையில் மணிக்கு இரண்டு மூன்று ரயில்கள் ஓடுகின்றன. குறிப்பிட்ட ரயிலுக்குக் கட்டப்பட்ட டிக்கெட்டைத்தான் எடுத்தே தீருவேன் என்றால் மூன்று மணி நேரம் விடுங்கள், குறைக்காதீர்கள். அன்றைய கடைசி ரயிலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

கடிகாரமும் காலைவாரும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மாறும். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணையும் மாறும். அந்தத் தேதியை ஒட்டிப் பயணம் என்றால் ரயில் நேரத்தைக் கடைசி வாரத்தில் மறுபடி பாருங்கள்.

6. லக்கேஜ்

ஐசிஇ-யில் யாரும் எடை போட மாட்டார்கள். ஆனால் தூக்குவது நீங்கள்தான், போர்ட்டர் கிடையாது. ஒவ்வொன்றும் 23 கிலோ என இரண்டு சூட்கேஸ், முதுகில் ஒரு பை, கையில் ஊறுகாய் டப்பா என்று போகிறவர், ரயில் மாறும் இடத்தில் எட்டே நிமிடம் இருந்தால் திண்டாடிப் போவார். நேர் ரயிலாகப் பாருங்கள், அது ஒரு மணி நேரம் பின்னால் கிளம்பினாலும் சரி. ஆகன் போகிறவர்களுக்கு, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம், கொலோன், ஆகன் வழியாகப் பிரஸ்ஸல்ஸ் போகும் ஐசிஇ இருக்கிறது.

டிஜிவி இனூயி ரயில்களில் ஒருவருக்கு இரண்டு சூட்கேஸும் ஒரு கைப்பையும்தான். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். மலிவு ரயிலான ஊய்கோவில் பெரிய சூட்கேஸுக்குத் தனிக் கட்டணம்.

ஒரே டிக்கெட் எடுத்தவர்களும் லக்கேஜை ஃபிராங்க்ஃபர்ட்டில் தாங்களே எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போக வேண்டும், அது கொலோனுக்குத் தானாக வராது. சென்னை கவுன்டரில் ஒட்டும் சீட்டில் எஃப்ஆர்ஏ (ஃபிராங்க்ஃபர்ட்டின் குறி) என்று இருக்கிறதா என ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

7. இறங்கிய பிறகு

சென்னை விமானம் காலையில் வந்து சேரும். பாஸ்போர்ட் சோதனை, லக்கேஜ், சுங்கம், வெளியே வருகிறீர்கள். "ஃபெர்ன்பான்ஹோஃப்" என்றும் ரயில் படத்தோடும் தொங்கும் பலகைகளைப் பின்பற்றுங்கள். டெர்மினல் 1-இலிருந்து மூடிய நடைபாலம் வழியாக, சூட்கேஸ் தள்ளுவண்டியோடு, பத்துப் பதினைந்து நிமிடம். வேறு டெர்மினலில் இறங்கினால் முதலில் டெர்மினல் 1-க்கு வர வேண்டும், அதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் ஒரு பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. 4 முதல் 7 வரை நெடுந்தூரப் பிளாட்பாரங்கள், 1 முதல் 3 வரை உள்ளூர் ரயில்கள். ஐசிஇ-க்குப் போகிறவர் 1-ஆம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தால் வேறு நிலையத்தில் நிற்கிறார் என்று பொருள்.

பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துகள் தொங்கும். உங்கள் கோச் எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்பதை ஆப்பும் மின்பலகையும் காட்டும். கடைசி நிமிடத்தில் கோச் வரிசை தலைகீழாக வருவதும் ஜெர்மனியில் சகஜம். அறிவிப்பு வந்ததும் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். கிட்டே இருக்கும் கதவில் ஏறி, உள்ளே நடந்து போங்கள். ரயில் நிற்பது சில நிமிடம்தான், சூட்கேஸோடு பிளாட்பாரத்தில் ஓடுவதைவிட உள்ளே நடப்பது உத்தமம். ஆனால் சில சமயம் இரண்டு ஐசிஇ-களை ஒன்றாக இணைத்து ஓட்டுவார்கள், வழியில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும், ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்ளே போக வழி இருக்காது. கதவருகே இருக்கும் பலகையில் ரயில் எண்ணையும் ஊரையும் பார்த்தே ஏறுங்கள்.

இருக்கை பதிவு செய்யாவிட்டாலும் ஏறலாம், காலி இடத்தில் உட்காரலாம். நம் ஊர் வெயிட்டிங் லிஸ்ட் பயம் அங்கே இல்லை. இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் ஊர்ப் பெயர்கள் இருந்தால் அந்தத் தூரத்துக்கு வேறொருவர் பதிவு செய்திருக்கிறார். பதிவு செய்தவர் பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் அந்த உரிமை போய்விடும். டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா ஆகியவற்றில் கதை வேறு, இருக்கை எண் இல்லாமல் ஏறவே கூடாது. பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களும் அங்கே இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

கொலோனில் இறங்குகிறவர்கள் நிலையப் பெயரைக் கவனியுங்கள். சில ரயில்கள் மத்திய நிலையத்துக்குப் போகாமல் ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மெஸ்ஸே/டாய்ட்ஸ் நிலையத்தோடு நின்றுவிடும்.

பெற்றோரைத் தனியாக வரவழைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் கேட்ட வீல்சேர் உதவி ரயிலுக்குத் தானாகத் தொடராது, ரயில்வேயிடம் அதற்கெனத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். முடிந்தால் நீங்களே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். பத்து மணி நேரம் பறந்து வந்த அம்மாவுக்கு வெளியே வந்ததும் தெரிந்த முகம் தேவை.

பாரிஸில் டிஜிவி-க்கு நான்கைந்து மணி நேரம் இருந்து, நகருக்குள் போய் மாறுகிறீர்கள் என்றால் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வாருங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும்.

8. திரும்பி வரும்போது

போகும்போது ரயில் தவறினால் அடுத்த ரயில். வரும்போது தவறினால் விமானமே போய்விடும். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024-இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை "நேரத்துக்கு" என்று எடுத்துக்கொண்ட கணக்கில். ஆகவே விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேரும் ரயிலைக் கண்டுபிடியுங்கள், பிறகு அதற்கு முந்தைய ரயிலில் ஏறுங்கள். காலை விமானம் என்றால் முந்தைய நாளே போய் விமான நிலையத்துக்கு அருகில் தங்குங்கள். ரெயில் அண்ட் ஃப்ளை முந்தைய நாளும் செல்லும் என்பது இதற்காகத்தான் உதவும்.

கிளம்பும் வாரத்தில் வேலைநிறுத்தச் செய்தியும் பாதைப் பராமரிப்புச் செய்தியும் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் இடையிலான பாதையை 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் முழுக்க மூடியே வைத்துப் புதுப்பித்தார்கள். இப்படி இன்னும் பல பாதைகள் வரிசையில் இருக்கின்றன.

ஒரே டிக்கெட்காரர்களுக்கு மிக முக்கியமான எச்சரிக்கை: திரும்பும் பயணத்தின் முதல் கட்டம் ரயில். நண்பர் காரில் கொண்டுவந்து விட்டார் என்று ரயிலைத் தவிர்த்துவிட்டு நேரே ஃபிராங்க்ஃபர்ட் போனால், பயணி வரவில்லை என்று பதிவாகி மீதிப் பயணமே ரத்தாகலாம். ரயிலுக்கும் செக்-இன் செய்து போர்டிங் பாஸ் எடுங்கள். திட்டம் மாறினால் முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லி டிக்கெட்டை மாற்றுங்கள்.

9. தாமதமானால் பணம் கேளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் விதிப்படி, போய்ச் சேருவது ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். டிபி நேவிகேட்டரில் எடுத்த டிக்கெட் என்றால் அதிலேயே விண்ணப்பிக்கலாம். விமானத்துக்கு 261/2004 என்ற விதி, நீண்டதூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பிய விமான நிறுவனமாக இருந்தால்தான் இது பொருந்தும். வளைகுடா நிறுவனத்தில் வந்தவர்கள் இதைக் கேட்க முடியாது. ஐரோப்பாவிலிருந்து புறப்படும்போது எந்த நிறுவனமானாலும் பொருந்தும். போர்டிங் பாஸையும் ரயில் டிக்கெட்டையும் வீடு வந்ததும் கிழித்துப் போடாதீர்கள், தாமத அறிவிப்பை அங்கேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.